அரைப் பொட்டலப் பாட்டு

நான் படிக்கப் போயிருக்கும் ஜெர்மன் ஊரில், கச்சேரிக்கு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இருமுவார்கள். வாசிப்பு நடக்கும்போது இல்லை. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வாத்தியக்காரர்கள் தாளைப் புரட்டும் அந்தச் சின்ன இடைவெளியில். அதுவரை தொண்டையில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் இருமித் தீர்த்துவிட்டு, மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள்.

முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியாது. முதல் பகுதி முடிந்ததும் கைதட்டிவிட்டேன். பிடித்திருந்ததால் பலமாகவே தட்டினேன். அந்தப் பெரிய அரங்கத்தில் என் இரண்டு கைகளின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து இருக்கை அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "இன்னும் முடியவில்லை, கண்ணே" என்று அவர்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கும் அம்மாவின் மகள், எந்தப் பரீட்சையையும் இரண்டாம் தடவை எழுதியதில்லை. இந்தப் பாடத்தையும் ஒரே குளிர்காலத்தில் படித்து முடித்தேன். எங்கே தட்ட வேண்டும், எங்கே கூடாது, மிட்டாய்த் தாளை எப்போது பிரிக்கலாம், எல்லாம். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, "இங்கேயும் ஒரு காலத்தில் நடுவில் கத்துவார்களாம், பிடித்த பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்வார்களாம். வாயை மூடி உட்காருவது பிற்பாடு வந்த பழக்கம்தான்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஷ்டப்பட்டுப் படித்த பாடத்தை யாராவது நேற்று வந்தது என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தக் கோடை விடுமுறையில்தான் தங்கை செல்வியின் குரல் செய்தி வந்தது.

"அக்கா, அம்மா ஒத்துக்கிட்டா! ஓட்டப்பிடாரத்துக்குத் தெக்க ஒரு ஊர்ல அம்மன் கோயில் கொடை. தங்கராசு அண்ணாச்சி ஆர்க்கெஸ்ட்ரா. எனக்கு ரெண்டு பாட்டு. ஆனா நீ வரணுமாம். நீ பக்கத்துல உக்காந்தாத்தான் அவ வந்து உக்காருவாளாம். ஒருத்தன் ஒரு மண்ணாங்கட்டிய எறிஞ்சாலும் அத்தோட சரியாம். பொறவு சாவுத முட்டும் தையல்தானாம்."

செல்வி புதியம்புத்தூரில் ரெடிமேடு தைக்கும் ஒரு யூனிட்டில் வேலை பார்க்கிறாள். மிஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடிக் குரல் கெட்டியானது என்பாள். பக்கத்து மிஷின்காரி போனில் எடுத்துப் போட்ட ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் தங்கராசு அண்ணாச்சி தேடி வந்தார். அம்மா பல மாதம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு கொடையில் பாட வந்த பெண்மேல் ஆம்பளைக் கூட்டம் கரிசல் கட்டியை எடுத்து எறிந்ததாம். அந்தப் பெண் சேலையை உதறிவிட்டுப் பாட்டைப் பாடி முடித்தாளாம். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தன் சேலையைத்தான் உதறுவாள். அப்பா கேரளத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். போனில் "அம்மா சொல்லுதபடி கேளுங்க" என்று சொன்னதோடு அவர் பங்கு முடிந்தது.

கடன் வாங்கி விமானச் சீட்டு எடுத்து ஊர் வந்து சேர்ந்தேன். கோவில்பட்டியில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. வாசலில் பெட்டியை வைப்பதற்குள் அம்மா கருவாட்டுக் குழம்பும் கம்பஞ்சோறும் எடுத்து வைத்துவிட்டாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன கச்சேரிக்கெல்லாம் போறியாமே. எத்தனை பொட்டலம்?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் அம்மா பாட்டை அளப்பது கடலைப் பொட்டலத்தால். கொடைக் கச்சேரிக்குப் போனால் வறுத்த நிலக்கடலை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பாட்டு சுமார் என்றால் கை தானாகக் கடலையை உடைக்கும், வாய் தானாக மெல்லும். பாட்டு நன்றாக இருந்தால் கை நின்றுவிடும். மறுநாள் தீப்பெட்டி ஆபீசில், "நேத்து வந்தவன் ரெண்டு பொட்டலப் பாட்டுக்காரன்" என்று அவள் சொன்னால், அந்த ஆள் தேறாதவன் என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கச்சேரியில் கைதட்டிப் பார்த்ததில்லை. கைதட்டும் விசிலும் ஆண்கள் பக்கத்துச் சமாச்சாரம்.

"அங்க உள்ள வச்சு ஒண்ணும் திங்கக் கூடாதும்மா" என்றேன்.

"திங்கக் கூடாதா? பொறவு பாட்டு நல்லாருக்கா இல்லையான்னு எப்பிடித் தெரியும்?"

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஒத்திகைக்குச் செல்வியோடு போனேன். புரோட்டாக் கடை மாடி. கீழே கல்லில் கொத்துப் போடும் சத்தமும் மேலே தாளப் பெட்டிச் சத்தமும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. செல்வி பாட்டின் பல்லவியைப் பாடினாள், ஒரு சரணம் பாடினாள், தங்கராசு அண்ணாச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"போதும் தாயி. முடிச்சிரு."

"இன்னொரு சரணம் இருக்கே அண்ணாச்சி" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். காதோரம் நரைக்கு மை பூசியவர், கழுத்தில் மெல்லிய சங்கிலி. "அது அந்தக் காலம்மா. அப்பம்லாம் சாமி பாட்டுல தொடங்கி விடிய விடிய அடிப்போம். சீட்டுல பாட்டு எழுதி மேடைக்கு அனுப்புவாவ. முழுசாப் பாடலைன்னா சண்டைக்கு வருவாவ. இப்பம் பத்து மணிக்குப் போலீசுக்காரர் வாச்சைத் தட்டிக் காட்டுதார். ரெண்டு சரணம் பாடுனா வீடியோ எடுக்கவன் கை வலிக்குங்கான்."

"கேட்கிறவர்கள் கேட்க மாட்டார்களா?"

"கேக்கவன் எங்கன இருக்கான்? பாதிப் பேரு துபாய்லயும் திருப்பூர்லயும் இருந்து போன்ல பாக்கான். மைதானத்துல நிக்கவன் அவனுக்குக் காட்டுததுக்குத்தான் நிக்கான்."

அவர் குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. படி இறங்கும்போது செல்வியிடம் கேட்டேன். "அவரு அப்பிடித்தாங்கா. விசில் வந்துட்டா எல்லாத்தையும் மறந்துருவாரு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டி கிட்டி எறிய மாட்டாவல்ல?"

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுத்துத் தமிழில் சொன்னேன். உறுதியாக எதையாவது சொல்லும்போது எனக்கு அப்படித்தான் வருகிறது.

கொடை நாளன்று மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. கோடை மழை, அரைமணி நேரம். போதும். எங்கள் மண் காய்ந்திருக்கும்போது காலை விட்டுவிடும், நனைந்தால் விடாது. சவுண்டு சர்வீஸ் காதர் பாயின் லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே அம்மா, நான், பட்டுச் சேலையில் செல்வி. பின்னால் வேனில் மற்றவர்கள். ஊருக்குப் பிரியும் மண்பாதையில் நுழைந்ததும் ஆட்டோச் சக்கரம் கரிசலை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டு, கடைசியில் உருள்வதையே நிறுத்திவிட்டது.

"இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க. பொட்டிய விட ஆளுதான் கனம்" என்றார் காதர் பாய்.

"நாங்க கனமா? ஒம்ம ஸ்பீக்கரு ஒவ்வொண்ணும் எருமக் கன்னுக்குட்டி கெணக்கா இருக்கு" என்றாள் அம்மா.

"யக்கா, அந்தக் கன்னுக்குட்டிதான ஒங்க மவ பாட்டை ஊருக்குச் சொல்லணும்."

அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். செல்வி சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் ஒரு கருப்பு இட்லி ஒட்டியது. ஜெர்மனியில் கச்சேரிக்குப் போகிறவர்கள் வாசலில் மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்து எண் அட்டை வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் ஊர்க் குழாயடியில் காலை நீட்டிக் குச்சியால் மண்ணைச் சுரண்டினோம். ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து வாளியோடு வந்து, "பாட வந்த பிள்ளையா? கால நீட்டு தாயி" என்று செல்வியின் காலில் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கோயில் மைதானத்தில் பெண்களுக்குத் தார்ப்பாய், ஆண்களுக்கு நாற்காலி. நாற்காலிக் கால்கள் ஈர மண்ணில் இறங்கி, ஆண்கள் எல்லோரும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். மேடைக்கு நேர் முன்னால் ஒரே நிறப் பனியன் போட்ட இளவட்டங்கள் ஒரு கூட்டம். பனியனில் அம்மன் படம், கையில் போன். நான் நேராக அவர்களிடம் போனேன்.

அவர்களுக்கு மூத்தவன்போல் இருந்தவன் பெயர் மகாராசன். கன்னத்தில் மஞ்சள் பூசியிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். என் தங்கைக்கு இது முதல் மேடை, அம்மா பயந்திருக்கிறாள், அவள் பாடும்போது மட்டும் விசில் வேண்டாம், கத்த வேண்டாம், போனை முகத்துக்கு மேலே தூக்க வேண்டாம், அமைதியாகக் கேளுங்கள். நான் இருக்கும் நாட்டில் இப்படித்தான் பாடுகிறவருக்கு மரியாதை செய்வார்கள் என்றும் சொன்னேன்.

"எந்த நாடுக்கா?"

"ஜெர்மனி."

"ஏலே, ஜெர்மனிலே!" என்று கூட்டம் கிட்ட வந்தது.

"விசில் கெடையாது. கைதட்டு?" என்றான் மகாராசன்.

"பாட்டு முழுக்க முடிஞ்ச பிறகு."

"நடுவுல புல்லாங்குழல் சூப்பரா வரும்க்கா. அதுக்கு?"

"அதுக்கும் கிடையாது."

"தும்மல் வந்தா?"

"அடக்கிக்கோ."

அவர்கள் சிரித்தார்கள். ஆனால் மகாராசன் சிரிக்கவில்லை. "படிச்ச அக்கா சொல்லுதாவ. கேட்டுக்கிடுங்கலே. இந்த அக்கா தங்கச்சி பாடுதப்ப ஒருத்தன் மூச்சு விட்டாலும் பல்லு இருக்காது" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போதாததற்கு விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் மைக்கில், "வெளிநாட்டில் படிக்கும் நமது சகோதரி கேட்டுக்கொண்டபடி" என்று தொடங்கி முழு ஊருக்கும் அறிவித்துவிட்டார். பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கடலைக்காரரிடம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஆண் பாடகர். சாமி பாட்டு, பிறகு ஒரு குத்துப்பாட்டு, பிறகு இன்னொன்று. அவருக்குத் தடை எதுவும் இல்லையே. பனியன் கூட்டம் துண்டைச் சுழற்றியது, விசிலில் காது அடைத்தது, இரண்டு பேர் தோளில் இரண்டு பேர் ஏறினார்கள். அவர் மைக்கை அவர்கள் பக்கம் நீட்ட, பாதிப் பாட்டை அவர்களே பாடினார்கள். போன்கள் தலைக்கு மேல் ஒரு காடாக நின்றன. பத்தடி தூரத்தில் இருப்பவரை ஏன் கையளவு கண்ணாடியில் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் முதல் பொட்டலம் மூன்றாவது பாட்டுக்கு முன்னாலேயே தீர்ந்தது. மடியில் கடலைத்தோடு குவிந்திருந்தது.

"இவன் முழுப் பொட்டலம்" என்றாள் பக்கத்துப் பெண்ணிடம். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

பிறகு செல்வி வந்தாள். இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்திருந்தாள். காலில் கொஞ்சம் கரிசல் இன்னும் ஒட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது.

மைதானம் அடங்கியது.

அப்படி ஒரு அடக்கத்தை நான் ஜெர்மனியில்கூடப் பார்த்ததில்லை. தோளில் ஏறியவர்கள் இறங்கிவிட்டார்கள். போன்கள் சட்டைப் பைக்குள் போயின. மகாராசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்வி பல்லவியைப் பாடினாள், நன்றாகவே பாடினாள். புல்லாங்குழல் வந்தது, போனது. யாரும் அசையவில்லை. இதோ, இதுதான் மரியாதை என்று நான் நினைத்த அதே நேரத்தில் செல்வியின் கண்கள் கூட்டத்துக்குள் ஓடின. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சரணத்தின் முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை.

தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. தங்கராசு அண்ணாச்சி கீபோர்டில் அந்த வரியை வாசித்து மூடினார். செல்வி மூன்றாவது வரியில் வந்து சேர்ந்தாள், ஆனால் குரல் அவளுடையதாக இல்லை. பாட்டு முடிந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே கைதட்டினார்கள். மூன்று தட்டு, எல்லோரும் ஒன்றாக, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பேசி முடித்ததும் தட்டுவதுபோல.

நான் மேடைப் பக்கமாக ஓடினேன். அண்ணாச்சி ஓரத்தில் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"என்னம்மா இது? ஊரு எழவு வீடு மாதிரி நிக்கி! இங்கன சத்தம் வரலைன்னா இறங்கிப் போன்னு அர்த்தம். யாரு இவனுவ வாயைக் கட்டுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

அவர் திரும்பி, கீபோர்டில் அடுத்த பாட்டின் முதல் சுரத்தைத் தேட ஆரம்பித்தார். செல்வி மேடை நடுவில் தனியாக நின்றுகொண்டு, முந்தானையை எடுத்து லேசாக உதறினாள். ஒன்றும் விழவில்லை, யாரும் எறியவும் இல்லை. அம்மா சொல்லும் கதையில் வரும் அந்த உதறல்.

மகாராசனிடம் போனேன். "விசில் அடிங்க."

"என்னக்கா?"

"விசில் அடிங்கலே!"

"இப்பம்தான வேண்டாம்னிய?"

"இப்ப வேணும்."

"ஏலே, அக்கா அடிக்கச் சொல்லுதாவ."

"அடிக்கவா, அடக்கவா? ஒரு பேச்சு பேசச் சொல்லுல" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"போனை வெளியே எடுக்கலாமா?" என்றான் இன்னொருவன்.

"எடுங்க. எல்லாத்தையும் எடுங்க."

"ஜெர்மனில இதுக்கும் சட்டம் இருக்காக்கா?"

எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன், காற்றும் எச்சிலும்தான் வந்தன. அதைப் பார்த்துத்தான் அவர்கள் சிரித்தார்களோ, அதற்குத்தான் விசில் அடித்தார்களோ தெரியாது. ஆனால் அடித்தார்கள். ஒன்று, பத்து, பிறகு மைதானமே. துண்டு பறந்தது, போன்களின் விளக்குகள் மேலே வந்தன. அண்ணாச்சி தாளத்தை ஏற்றினார். செல்வியின் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டை அவள் பல்லவியிலிருந்தே கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு சரணம் முடிந்ததும் அண்ணாச்சி நிறுத்தச் சைகை காட்டினார். அவள் பார்க்கவில்லையோ, பார்க்காததுபோல் இருந்தாளோ, இரண்டாவது சரணத்துக்குள் போய்விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் தார்ப்பாய்க்குத் திரும்பினேன். அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பொட்டலம் அவள் கைக்குள் இருந்தது. பிரிக்கவே இல்லை.

திரும்பும் வழியில் காதர் பாய் மட்டும், "இந்தத் தடவை ஆட்டோ மாட்டல, பாத்தியளா?" என்றார். வீட்டுக் குழாயடியில் செல்வியும் நானும் காலைக் கழுவும்போது அவள் கேட்டாள்.

"நீதான் வாயை மூடச் சொன்னியா?"

"ஆமா."

"நான் செத்தே போய்ட்டேங்கா. எல்லாரும் என்னைய ஒதுக்கிட்டாவன்னு நெனச்சேன்." ஈரக் கையை முகத்தில் தேய்த்துக்கொண்டாள். "அம்மா ஏதாச்சும் சொன்னாளா?"

"ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை."

அவள் செம்பைக் கீழே போட்டுவிட்டாள். "பிரிக்கலயா? ஒண்ணுகூடவா? ரெண்டு பாட்டுக்குமா?" அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆனால் எனக்குச் சந்தேகம். பயத்தில்கூட ஒரு ஆளுக்குக் கடலை இறங்காது. முதல் பாட்டில் செல்வி வரியை விட்டபோதும் பொட்டலம் பிரியாமல்தானே இருந்தது? அம்மாவின் அளவுகோலை எங்கே வைத்துப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செல்வியிடம் சொல்லவும் மனமில்லை.

காலையில் இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது. முந்தின நாள் வீடியோக்காரர் நேரலையில் விட்டதைச் செல்வி போனில் காட்டினாள். இரண்டாவது பாட்டுக்குக் கீழே வழக்கமான இதயங்களும் நெருப்புகளும். முதல் பாட்டுக்குக் கீழேதான் ஆட்கள் எழுதியிருந்தார்கள். துபாயிலிருந்து ஒருவர்: "நம்மூர்க்காரன் மூச்சுவிடாம நின்னு கேட்டு இப்பத்தான் பாக்கேன். அந்தப் பிள்ளை குரல் அப்படி." விட்டுப்போன வரியை அவர் கவனிக்கவே இல்லை. இன்னொருவர், "வார்த்தை வராம நின்னுச்சு பாருங்க, அந்த உணர்ச்சி!" என்று எழுதியிருந்தார். செல்வி என்னைப் பார்த்தாள், நான் செல்வியைப் பார்த்தேன். கூட்டம் இருந்த இடத்தில் பாட்டு விழுந்தது. கூட்டம் இல்லாத இடத்தில் அதே பாட்டு ஜெயித்திருக்கிறது. நான் சிரிக்கவா, மன்னிப்புக் கேட்கவா?

அன்று சாயங்காலம் கிளம்பினேன். அம்மா என் பையில் கடலைமிட்டாய், சேவு, பருப்புப்பொடி எல்லாம் திணித்தாள். கடைசியாக அந்தப் பொட்டலத்தையும் வைத்தாள்.

"இந்தா, போற வழியில தின்னு."

"நீ ஏம்மா நேத்து திங்கல?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கடவாப் பல்லு வலி."

முதல் பொட்டலத்துக்கு வராத பல்வலி. செல்வி சுவரோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் யூனிட்டுக்குப் போவதற்காக அவள் பை தயாராக இருந்தது. அம்மா கொடியில் காய்ந்த பட்டு ரவிக்கையை எடுத்து அவள்மேல் எறிந்தாள்.

"ஏட்டி, இதுல கை இறுக்கம். மைக்கைத் தூக்கையில பாத்தேன், தோளு ஏறவே இல்ல. தையக்காரின்னு பேரு. பிரிச்சு அரை இஞ்சு விட்டுத் தையி, அடுத்த ஊர்க் கொடைக்குள்ள."

செல்வி ரவிக்கையை முகத்தில் பொத்திக்கொண்டாள். நான் பேருந்துக்கு ஓட வேண்டியிருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியம்மா, "என்ன தாயி, தனியாச் சிரிக்கே?" என்றாள். அழுகிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி அதே அரங்கத்துக்குப் போனேன். இடைவேளையில் வெளியே படியில் நின்றபோது போன் அடித்தது. எங்கள் ஊரில் அப்போது ராத்திரி தொடங்கியிருக்கும். பின்னணியில் விசில், செண்டை மேளம், யாரோ மைக்கைத் தட்டும் சத்தம்.

"அக்கா, புதியம்புத்தூர்ல! என் யூனிட்டுக்காரிக அம்புட்டுப் பேரும் முன்னால உக்காந்திருக்காளுவ. ஒரு பாட்டு முடிஞ்சுது." பிறகு குரல் கம்மியது. "அம்மா வந்திருக்கா. அரைப் பொட்டலம் தின்னுட்டாக்கா."

நான் வாயைத் திறந்தேன். ஆறுதல் சொல்வதா வாழ்த்துச் சொல்வதா? பயம் போய்விட்டதால் சாப்பிட்டாளா, பாட்டின் தரம் இறங்கிவிட்டதால் சாப்பிட்டாளா, பல்வலி சரியாகிவிட்டதா?

"மீதி அரை?" என்று கேட்டேன்.

"கையில வச்சிருக்கா. எனக்கு இன்னொரு பாட்டு இருக்குல்ல." யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "யம்மா, இந்தா அக்கா லைன்ல இருக்கா, மடியில வையி" என்று போனை அப்படியே அம்மாவிடம் போட்டுவிட்டு ஓடினாள்.

அம்மா "ஹலோ" சொல்லவில்லை. மடியில்தான் வைத்திருக்க வேண்டும். சேலை உரசும் சத்தம் கேட்டது. தூரத்தில் விசில், அதற்கு நடுவே செல்வியின் குரல் எழுந்தது. அரங்கத்தில் உள்ளே வரச் சொல்லி மணி அடித்தது. படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போகிறபோதே இருமிக்கொண்டு போனார்கள். கதவுக்காரர் என்னைப் பார்த்தார். வரவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவர் கதவைச் சாத்தினார்.

போனைக் காதில் அழுத்தி, இன்னொரு காதைக் கையால் மூடிக்கொண்டேன். பல்லவி போனது. சரணம் போனது. இரண்டாவது சரணமும் வந்தது. கடலை உடையும் சத்தம் இல்லை, அம்மாவின் மூச்சு மட்டும் கிட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. விசில் காதைக் கிழித்தது. அது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. கிட்டத்தில், மடிக்கு நேர் மேலே, ஒரே ஒரு கடலை உடைந்தது.